வரப்பில் நின்று வரைபடம் படிக்க மாணவர் கற்க வேண்டும்

2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் வேளாண்மைக் கல்லூரி மாணவ மாணவிகள் கையில் செல்போனுடன் வரப்பு வரப்பாக நடந்தார்கள். எந்த சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று படம் எடுத்துப் பதிவு செய்வது அவர்களுக்கு இடப்பட்ட வேலை. மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு என்று அதற்குப் பெயர். கிராம நிர்வாக அலுவலர்களின் சங்கங்கள் இந்த வேலையை ஏற்க மறுத்து வந்த நிலையில் அது மாணவர்கள் தலையில் வந்து விழுந்தது. பாம்பும் தேளும் உள்ள காட்டில் பெண் பிள்ளைகளை இறக்கி விடுவதா, படிப்பு கெடாதா என்று பல தரப்பிலும் கண்டனம் எழுந்தது. கண்டனம் நியாயமானதுதான். ஆனால் இந்த வாதப் பிரதிவாதத்தில் ஒரு கேள்வி அடிபட்டுப் போய்விட்டது. செல்போனில் தெரியும் படத்தையும் காலடியில் கிடக்கும் நிலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இந்த இடத்தில் படம் தப்பாக இருக்கிறது" என்று சொல்லும் அளவுக்கு அந்த மாணவருக்குக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி.

இது பல்கலைக் கழகத்து விவகாரம், ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் குடியானவருக்கு இதில் என்ன வந்தது என்று தள்ளிவிட முடியாது. பயிர் இன்சூரன்ஸ், வறட்சி நிவாரணம், மண் பரிசோதனை, உரச் சிபாரிசு ஆகிய எல்லாமே இப்போது ஏதாவது ஒரு வரைபடத்தின் மேல் உட்கார்ந்து கொண்டுதான் வருகின்றன. அந்தப் படத்தைப் போடுகிறவரும், படித்துக் கையெழுத்துப் போடுகிறவரும் இன்றைக்குக் கல்லூரியில் இருக்கிற பையன்களும் பெண்களும்தான். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நாளைக்கு விவசாயியின் கைக்கு வரும் பணமும் கைக்கு வராமல் போகும் பணமும் இருக்கும்.

எண்ணெய்த்தாள் கணக்கு

புவித் தகவல் அமைப்பு என்றும் ஜி.ஐ.எஸ். என்றும் சொல்லப்படும் சாதனம் பெயரளவுக்குத்தான் பயமுறுத்துகிறது. ஒரு கிராமத்தின் புலப்படத்தை ஓர் எண்ணெய்த்தாளில் வரைந்து கொண்டதாக வைத்துக் கொள்ளலாம். இன்னொரு தாளில் அதே அளவில் செம்மண் எங்கே, கரிசல் எங்கே, களர் எங்கே என்று வரைய வேண்டும். மூன்றாவது தாளில் கிணறுகளும் அவற்றின் ஆழமும். நான்காவதில் ஏரி, மதகு, வாய்க்கால், வடிகால். ஐந்தாவதில் மேடு பள்ளம். இந்த ஐந்து தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், எந்தப் புலம் களராகவும் பள்ளமாகவும் இருந்து வடிகாலும் இல்லாமல் கிடக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் செய்வது இந்த வேலையைத்தான். ஐந்து தாளுக்குப் பதில் ஐம்பது தாளை அடுக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் அடங்கல் போல ஒரு பெரிய கணக்குப் புத்தகத்தையும் வைத்திருக்கும்.

இந்த முறை பிறந்ததே விவசாய நிலத்துக்காக என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். 1960-களில் கனடா நாட்டு அரசு, எந்த நிலம் பயிருக்கு ஆகும், எது காட்டுக்கு ஆகும் என்று தரம் பிரிக்கத் தலைப்பட்டது. நாடோ மிகப் பெரியது. கையால் படங்களை அடுக்கிப் பார்த்து முடிக்கக்கூடிய காரியமாக அது இல்லை. அப்போது ரோஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர் வரைபடத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றும் வழியை உருவாக்கினார். உலகத்தின் முதல் ஜி.ஐ.எஸ். அதுதான். இந்தியாவிலும் வானத்திலிருந்து படம் எடுத்து ஆராயும் வேலை தென்னை மரத்தில்தான் தொடங்கியது. 1970-ம் ஆண்டு வாக்கில் பேராசிரியர் பி.ஆர். பிஷாரடியின் குழுவினர் கேரளத்தில் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பு ஒளியைப் பதிக்கும் பிலிமில் தென்னந்தோப்புகளைப் படம் பிடித்தார்கள். வேர்வாடல் நோய் கண்ட மரமும் நல்ல மரமும் அந்தப் படத்தில் வெவ்வேறு நிறமாகத் தெரிந்தன. இந்தியாவின் தொலையுணர்வுத் துணைக்கோள் 1988-ல் மேலே போவதற்கு முன்பு நடந்த கதை இது.

ஆக, சாதனம் புதிதல்ல. விவசாயத்துக்கு அந்நியமானதும் அல்ல. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

இரண்டு கிரெடிட்டில் அடங்குமா?

இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டத்தில் பி.எஸ்சி. விவசாயப் படிப்புக்கு இந்தப் பாடம் இரண்டே கிரெடிட்டாக வைக்கப்பட்டது. வாரம் ஒரு வகுப்பு, ஒரு செய்முறை. அதுவும் தனிப் பாடமாக அல்ல. புவித் தகவலியல், நானோ தொழில்நுட்பம், துல்லியப் பண்ணையம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு பருவத்தில் இந்த மூன்றையும் விழுங்கிய மாணவர், பரீட்சையில் துணைக்கோள்களின் பெயர்களை வரிசையாக எழுதுவார். மதிப்பெண்ணும் கிடைக்கும். தன் சொந்த ஊர் ஏரியின் ஆயக்கட்டில் தலைமடை எது, கடைமடை எது என்று படத்தில் காட்டச் சொன்னால் விழிப்பார். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது சொல்லித் தரப்பட்டது. ஒரு பிரசினையைப் பார்த்தவுடன் "இது ஏன் இங்கே இருக்கிறது, அங்கே ஏன் இல்லை?" என்று கேட்கும் பழக்கம் சொல்லித் தரப்படவில்லை.

அந்தப் பழக்கத்தைத்தான் இடம் சார்ந்த சிந்தனை என்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006-ல் இதைப் பற்றியே ஒரு முழு அறிக்கை வெளியிட்டது. இடத்தைப் பற்றிய கருத்துகள், அதைப் படமாக்கும் சாதனங்கள், அதிலிருந்து முடிவுக்கு வரும் யுக்தி ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்தச் சிந்தனை என்றும், இதைப் பள்ளியிலிருந்தே கற்பிக்க வேண்டும் என்றும் அது கூறியது. கம்ப்யூட்டர் இதில் ஒரு கருவி மட்டுமே. 1854-ல் லண்டன் நகரில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற டாக்டர், சாவு விழுந்த வீடுகளைத் தெருப்படத்தில் கோடு கோடாகக் குறித்தார். கோடுகள் பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி மொய்த்தன. நோய் தண்ணீரில் வருகிறது என்று அவர் சொன்னதற்கு அந்தப் படம் ஒரு சாட்சி ஆயிற்று. அவரிடம் இருந்தது காகிதமும் மையும் மட்டுந்தான்.

இன்னும் சொல்லப் போனால் இந்தச் சிந்தனை விவசாயிக்குப் பிறவியிலேயே வந்தது. மேட்டாங்காடு, பள்ளக்கால், ஓடைக்காடு, படுகை, செம்மேடு, உவர்க்காடு என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குள்ளேயே மண்ணும் மட்டமும் நீரும் அடங்கியிருக்கின்றன. பள்ளக்காலில் நெல் முதலில் சாயும், மேட்டாங்காட்டில் மழை நின்ற எட்டாம் நாள் பயிர் வாடும் என்று பெரியவர்கள் சொல்வது எண்ணெய்த்தாளை மனதுக்குள் அடுக்கிப் பார்த்துச் சொல்வதுதான். அரசுப் பதிவேட்டில் அதே நிலம் வெறும் 114/2பி. பெயர் எல்லாம் உதிர்ந்து எண் மட்டும் நிற்கிறது. எண்ணை மட்டும் கற்றுக் கொண்டு வரும் பட்டதாரிக்கும் பெயரை மட்டும் அறிந்த விவசாயிக்கும் நடுவில் பேச்சே நடப்பதில்லை.

இரண்டரை சென்டில் ஊரின் தலைவிதி

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். பயிர் இன்சூரன்ஸ் விஷயத்தை எடுத்துக் கொண்டால் விளங்கும். 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கு வருவாய்க் கிராமமே ஓர் அலகு. முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்தில் குறைந்தது நான்கு இடங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, அதன் சராசரியை வைத்தே ஊர் முழுவதற்கும் இழப்பு உண்டா இல்லையா என்று தீர்க்கிறார்கள். பரிசோதனைத் துண்டு ஒன்றின் அளவு 5 மீட்டருக்கு 5 மீட்டர். நான்கும் சேர்ந்தால் 100 சதுர மீட்டர். அதாவது கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். ஊரில் 500 ஏக்கர் நெல் நின்றாலும் அந்த இரண்டரை சென்ட்தான் பேசும்.

உதாரணத்துக்கு ஓர் ஊரில் பாதி நிலம் தலைமடை, பாதி நிலம் பள்ளமான கடைமடை என்று கொள்ளலாம். வெள்ளம் வடியாமல் கடைமடையில் ஏக்கருக்கு 6 மூட்டை, தலைமடையில் 28 மூட்டை. உத்தரவாத மகசூல் 20 மூட்டை. நான்கு துண்டுகளில் இரண்டு மேலும் இரண்டு கீழுமாக விழுந்தால் சராசரி 17 மூட்டை. நூற்றுக்குப் பதினைந்து குறைவு. மூன்று துண்டுகள் தலைமடையில் விழுந்துவிட்டால் சராசரி இருபத்திரண்டரை. ஊரில் ஒருவருக்கும் ஒரு காசு கிடையாது. மூன்று துண்டுகள் கடைமடையில் விழுந்தால் பதினொன்றரை. நூற்றுக்கு நாற்பத்திரண்டரை குறைவு. நிலம் அதுவே, வெள்ளம் அதுவே, இழப்பும் அதுவே. துண்டு எங்கே விழுந்தது என்பது மட்டுமே வேறு.

குலுக்கல் முறையில் துண்டைத் தேர்ந்தெடுப்பது யாரும் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல ஏற்பாடு. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஊரை முதலில் மேடு, பள்ளம், பாசனம் என்று படத்தில் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குலுக்கிப் போட்டால் நான்கு துண்டுகளே ஊரின் உண்மையை இதைவிட நன்றாகச் சொல்லும். இதைச் செய்யப் பெரிய விஞ்ஞானி வேண்டாம். ஊரின் மேடு பள்ளத்தைப் படத்தில் கண்டு, வயலில் நின்று சரிபார்க்கத் தெரிந்த ஓர் அலுவலர் போதும். அந்த அலுவலரைத் தயார் செய்வது பல்கலைக் கழகத்தின் பொறுப்பு.

மண் வள அட்டையின் கதையும் இதுவே. 2015-ல் இத்திட்டம் தொடங்கியபோது பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டார்கள். ஏக்கர் கணக்கில் பாசனத்தில் ஆறு ஏக்கருக்கு ஒன்று, மானாவாரியில் இருபத்தைந்து ஏக்கருக்கு ஒன்று. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது ஏக்கர் 1.85. மானாவாரிக் கட்டம் ஒன்றில் பதின்மூன்று பேர் நிலம் வரலாம். பதின்மூன்று பேருக்கும் ஒரே அட்டை. கோவைப் பக்கம் இருகூர்த் தொடர் என்ற செம்மணலும் பீளமேட்டுத் தொடர் என்ற கரிசலும் சில மைல் தூரத்துக்குள் மாறிவிடுகின்றன. சில ஊர்களில் ஒரே காட்டில் மேல்பாதி சிவப்பு, கீழ்பாதி கறுப்பு. மாதிரி எடுப்பவர் எங்கே மண்வெட்டியைப் போட்டார் என்பதைப் பொறுத்துத்தான் பதின்மூன்று பேருக்கும் சாம்பல் சத்துச் சிபாரிசு. எருக்குழி கிடந்த இடத்திலும், வேப்பமர நிழலிலும், வாய்க்கால் ஓரத்திலும் மண் எடுக்கக் கூடாது என்பது எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அந்தக் கட்டத்துக்குள் மண் எத்தனை வகை என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதுதான் மாணவர் மனதில் பதியவில்லை.

வானத்துச் சதுரமும் வரப்பும்

துணைக்கோள் வந்துவிட்டதே, அது எல்லாவற்றையும் பார்த்துவிடாதா என்று சிலர் நம்புகிறார்கள். துணைக்கோள் நல்ல சாட்சிதான். 2016-17 வறட்சியில் சம்பா பொய்த்தபோது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் ரேடார் துணைக்கோள் படங்களைக் கொண்டு நெல் நடவு எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்று கணித்து இன்சூரன்ஸ் தீர்வுக்கு உதவியது. ஐப்பசி கார்த்திகை மேகத்தைச் சாதாரணக் காமிரா துளைக்காது, ரேடார் துளைக்கும். 2023-ல் மத்திய அரசு யெஸ்-டெக் என்ற பெயரில், மகசூல் கணக்கில் துணைக்கோள் மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத இடம் தரும் முறையைக் கொண்டுவந்தது. இனி வானத்துக்கும் ஓர் ஓட்டு உண்டு.

ஆனால் அந்தச் சாட்சியின் கண் எவ்வளவு கூர்மை என்று தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 துணைக்கோளின் படங்கள் இலவசமாகக் கிடைப்பதால் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதன் கூர்மையான படத்தில் ஒரு சதுரம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதுவும் இரண்டரை சென்ட். ஓர் ஏக்கரில் சுமார் 40 சதுரங்கள். கேட்க நிறைய போலத் தோன்றும். டெல்டாவில் 20 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம் என்று நீட்டுத் துண்டாக அரை ஏக்கர் வைத்திருப்பவரின் நிலத்தில் அகலத்துக்கு இரண்டே சதுரம். சதுரங்கள் வரப்புக்கு நேராக அமைந்தால்தான் அந்த இரண்டும் முழுதாகக் கிடைக்கும். சற்றுத் தள்ளினால் நடுவில் ஒன்று மட்டும் சுத்தமாக நிற்கும். இரு ஓரத்திலும் பாதி இவருடையது, பாதி பக்கத்துக்காரருடையது. பக்கத்துக்காரர் நெல்லுக்குப் பதில் வாழை வைத்திருந்தால், வரப்பில் தென்னை நின்றால், படம் சொல்வது யார் பயிரை? பழைய அமெரிக்க லேண்ட்சாட் படத்தில் ஒரு சதுரமே 22 சென்ட். பெரிய பண்ணைகளுக்குச் செய்த செருப்பு அது. சின்னக் காலுக்கு அப்படியே பொருந்தாது.

செல்போனின் கதையும் அப்படியே. திறந்த வெளியில் அது நாலைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். தென்னந்தோப்புக்குள் இன்னும் அதிகம். புலப்படத்தைத் துணைக்கோள் படத்தின் மேல் ஒட்டும்போது சில மீட்டர் நகர்ந்து போவதும் உண்டு. இரண்டு பிழையும் ஒரே பக்கமாகச் சேர்ந்தால், ஒருவர் வயலில் நிற்கும் மாணவருக்குச் செல்போன் அடுத்தவர் சர்வே எண்ணைக் காட்டும். கரும்பு நெல்லாகும், நெல் தரிசாகும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பட்டா வேலையில் நுழைந்த எழுத்துப் பிழைகளைத் திருத்த இன்றும் தாலுகா அலுவலகத்தில் ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் பிழைக்கே அந்தக் கதி என்றால், கம்ப்யூட்டரில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் ஏறும் பிழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் இந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம் "இந்தப் படத்தில் எத்தனை மீட்டர் பிழை இருக்கிறது?" என்பதாக இருக்க வேண்டும். துல்லியம் என்ற சொல்லைக் கல்லூரிகள் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. பிழையை அளந்து சொல்லக் கற்றவருக்கே அந்தச் சொல் பொருந்தும்.

படம் காட்டாத இன்னொன்றும் உண்டு. வரைபடத்தின் பின்னால் இருக்கும் பெயர் பட்டாதாரர் பெயர். டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும், வெளியூர்க்காரர் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் பெயர் எந்த அடுக்கிலும் வராது. பூச்சி மருந்தும் உரமும் அவர் கடன், நிவாரணம் வேறொருவர் கணக்கு. வயலில் இறங்கி நாலு பேரிடம் பேசாத வரையில் எந்த மாணவருக்கும் இது புலப்படாது. இந்தப் பாடத்தைக் கம்ப்யூட்டர் அறையில் மட்டும் நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஒரே ஊர், நான்கு ஆண்டு

நிலத்தை அளப்பதில் தமிழ்நாட்டுக் கல்விக்குப் பழைய உறவு உண்டு. கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியின் தொடக்கமே 1794-ல் சென்னையில் ஏற்பட்ட ஒரு சர்வே பள்ளிக்கூடம்தான். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து இந்திய நாடு முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளக்கும் வேலை தொடங்கியது. வெள்ளைக்காரன் காலத்தில் சங்கிலி கிராமத்துக்கு வந்தது கிஸ்தி வசூலுக்காக. பயிர் வளர்க்க அது வரவில்லை. பின்னாளில் வரைபடம் பூட்டி வைக்கும் பொருளாயிற்று. கரையோர மாவட்டங்களின் சர்வே படம் ஒரு மாணவர் கைக்கு வருவது குதிரைக் கொம்பாக இருந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்திய பிறகு அந்தப் பூட்டு பெரும்பாலும் திறந்துவிட்டது. க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் 2002 முதல் இலவசம். இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. புலப்படம் தமிழ்நிலம் மூலம் கிடைக்கிறது. பணம் இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது. வேண்டியது வாத்தியாரும், வண்டியும், நேரமும்.

வழி ஒன்றும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. வேளாண்மை மாணவர்கள் இறுதி ஆண்டில் ஊரக வேளாண்மைப் பணி அனுபவத் திட்டத்தில் கிராமத்தில் தங்குகிறார்கள். தெருவில் கலர்ப் பொடியால் ஊரின் வளப் படம் போடுவதும், ஊர்க்காரர்கள் சுற்றி நின்று "ஏரி அந்தப் பக்கம், சுடுகாட்டு ஓடை இந்தப் பக்கம்" என்று திருத்துவதும் பத்திரிகையில் அடிக்கடி படமாக வருகிறது. உண்மையில் அந்தக் கோலப்பொடிப் படம்தான் மிக உயர்ந்த பாடம். நாற்பது வருடம் உழுதவரின் மனதில் இருக்கும் படம் அப்போது தரையில் இறங்குகிறது. மறுநாள் மாடு மிதித்து அழிந்துவிடுகிறது. மாணவரின் பதிவேட்டில் ஒரு போட்டோ மிஞ்சுகிறது. அந்தப் படத்தைப் புலப்படத்தோடு பொருத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னால், பொடிப் படத்தில் பெரிதாகத் தெரிந்த ஓடை சர்வே படத்தில் இல்லாமல் போனதும், சர்வே படத்தில் இருக்கும் வண்டிப் பாதை தரையில் மறைந்து போனதும் மாணவருக்குத் தெரியவரும். அங்கேதான் கேள்வி பிறக்கும்.

இறுதி ஆண்டு வரை காத்திருக்கவும் வேண்டாம். முதலாண்டு மாணவரிடம் கல்லூரிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் புலப்படத்தைக் கொடுத்து, எல்லைக் கல்லைத் தேடச் சொல்லலாம். பத்துக் கல் தேடினால் நாலு கல் கிடைக்காது, அதுவும் பாடமே. கிடைத்த கல்லில் செல்போனை வைத்து, படத்துக்கும் அதற்கும் எத்தனை மீட்டர் வித்தியாசம் என்று எழுதச் சொல்லலாம். இரண்டாம் ஆண்டில் மண்ணியல் வாத்தியார் அதே ஊரில் மண் எடுக்கட்டும். மூன்றாம் ஆண்டில் பூச்சியியல் வாத்தியார் அதே படத்தில் புகையான் முதலில் எந்தப் புலத்தில் தென்பட்டது என்று குறிக்கச் சொல்லட்டும். 2016-ல் பொள்ளாச்சித் தோப்புகளில் முதலில் கண்ட சுருள் வெள்ளை ஈ எந்த வழியாக எத்தனை நாளில் எவ்வளவு தூரம் போயிற்று என்பது வெறும் பூச்சிப் பாடமா, வரைபடப் பாடமா? இரண்டும்தான். பொருளாதார வாத்தியார் கமிட்டிக்கு எத்தனை மைல், லாரி வாடகை எவ்வளவு என்று அதன் மேலேயே போடட்டும். நான்கு ஆண்டு முடியும்போது ஓர் ஊரைப் பற்றிப் பத்து அடுக்குப் படம் கையில் இருக்கும். ஜி.ஐ.எஸ்.ஸுக்கென்று தனிப் பாடம் இருந்தாலும் இருக்கட்டும். ஒரு துறைக்காரர் தன் வீட்டுச் சொத்தாக அதைப் பூட்டி வைப்பதே தவறு.

பேராசிரியர்கள் இதற்கு உடனே இசைய மாட்டார்கள் என்பது நிச்சயம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடத்திட்டம், ஒரு பரீட்சை, ஒரு கௌரவம். ஐந்து துறைகள் ஓர் ஊரில் சேர்ந்து இறங்குவது ஐந்து பங்காளிகள் ஒரு கிணற்றில் முறை வைத்து இறைப்பதைப் போன்றது. சண்டை வரும், ஆனால் பங்காளிகள் முறை வைத்துக்கொண்டு இறைத்துக் கொண்டுதானே இருக்கிறார்கள்?

விவசாயிகளில் சிலரும் தயங்குவார்கள். தன் கிணற்று ஆழத்தையும் விளைச்சலையும் ஊரறியப் படம் போட்டுவிட்டால் நாளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனியோ மனைக்காரனோ அதை வைத்துத் தன்னையே மடக்க மாட்டானா என்ற சந்தேகம் வீண் சந்தேகம் அல்ல. எந்த விவரம் ஊருக்குப் பொது, எந்த விவரம் தனி ஆளுக்குச் சொந்தம் என்று முன்பே பேசி முடிவு செய்வதும் இந்தப் படிப்பில் ஒரு பகுதியாக வேண்டும். ஏரி, ஓடை, மண் வகை, மேடு பள்ளம் ஆகியவை பொது. ஒருவர் மகசூலும் கடனும் அவர் சம்மதமில்லாமல் படத்தில் ஏறக் கூடாது. தன் புலத்தைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்கவும், தப்பாக இருந்தால் மறுக்கவும் விவசாயிக்கு வழி இருக்க வேண்டும்.

பணி அனுபவ மாணவர்கள் ஊருக்கு வரும்போது விவசாயிகள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்காமல், தங்கள் புலப்பட நகலை எடுத்து வந்து, களர் திட்டு எது, தண்ணீர் தேங்கும் மூலை எது, மூடிப்போன பழைய வாய்க்கால் எந்த வழியாகப் போயிற்று என்று நிலத்தில் நடந்து காட்டலாம். நிலத்துக்கு ஊரில் வழங்கும் பெயரையும் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லலாம். போகும்போது அந்தப் படத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி ஊராட்சி அலுவலகத்திலோ கூட்டுறவு சங்கத்திலோ ஒட்டி வைக்கலாம். அடுத்த வருடம் வரும் மாணவர்கள் அதே தாளில் திருத்தட்டும். அறுவடைப் பரிசோதனைக்கு அலுவலர் வரும் நாளில், துண்டு விழுந்த நான்கு இடமும் மேட்டிலா பள்ளத்திலா என்று அந்தத் தாளைக் காட்டிக் கேட்கலாம்.